சமையலறை ஜன்னலுக்கு அளவெடுத்த துப்பாக்கி

ஹிக்கரி ஓடை,
கென்டக்கி.
ஞாயிற்றுக்கிழமை மதியம்

டேட்டன் நகரத்தில் சகல சௌகரியங்களோடும் வாழ்ந்துவரும், என் மனைவியின் ஒரே அண்ணனும் என் ஒரே நம்பிக்கையுமான மச்சான் டென்சில் அவர்களுக்கு ஹாலிஸ் டாக்கெட் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் நாயும் கோழிகளும் சௌக்கியம். உங்கள் தங்கை வெர்லீனும் சௌக்கியம்தான், என்னோடு பேசுவதில்லை, அவ்வளவே. அங்கே உங்கள் முழங்கால் வலியும் உங்கள் வண்டியின் கியர்பாக்ஸும் ஒருவழியாகச் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அன்று நீங்கள் ஆசையாகப் பரிசு கொடுத்தீர்களே ஒரு துப்பாக்கி, நம் முப்பாட்டன் காலத்து மாதிரியில் புதிதாகச் செய்து உதிரி உதிரியாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்களே, வாய் வழியாகக் கருமருந்தும் ஈயக்குண்டும் போட்டுக் கெட்டித்துச் சுடுவது, அந்தத் துப்பாக்கியைச் சமையலறை ஜன்னலில் திரை தொங்கவிடும் கம்பியாக ஆக்குவதென்று உங்கள் தங்கை முடிவு கட்டிவிட்டாள். அளவும் எடுத்துவிட்டாள். குழலும் ஜன்னலும் அச்சாகப் பொருந்துகின்றன மச்சான். நீங்கள் அவளுக்கு ஒரு போன் போட வேண்டும். அதற்குமுன் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

துப்பாக்கியைப் பூட்டி முடித்து, கட்டைக்கு எண்ணெய் பூசி, மணப்பெண் மாதிரி அலங்கரித்துத்தான் எங்கள் துப்பாக்கிச் சங்கத்து மைதானத்துக்குக் கொண்டுபோனேன். சுட்டால் டிக் என்றது. மறுபடியும் டிக். சிக்கிமுக்கிக் கல் இரும்புத் தகட்டில் மோதிப் பொறி பறக்க வேண்டும், பொறியே இல்லை. எங்கள் சங்கத் தலைவன் பர்ல் ஃபுகேட்டை உங்களுக்குத் தெரியும், சுற்றுச்சுவர் மாதிரி தாடி வைத்தவன், அவன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு மைதானத்துக்கே கேட்கிற மாதிரி, "டேய் ஹாலிஸ், கல்லைத் தலைகீழா மாட்டியிருக்கியேடா! பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டினியா?" என்றான். திருப்பி மாட்டினேன். இப்போது பொறி வந்தது, ஆனால் கல்யாண வீட்டில் பிணங்கிக்கொண்ட சம்பந்தி மாதிரி வந்தும் வராமலும் வந்தது. தகடு மெத்தென்று இருக்கிறது, அதை எலும்புக்கரியில் புதைத்து நெருப்பில் போட்டு, பழுக்கக் காய்ந்ததும் தண்ணீரில் முக்கினால் இறுகிவிடும் என்றான் பர்ல். புதைக்க மூடி போட்ட இரும்புப் பாத்திரம் வேண்டும். நம் வீட்டில் மூடி போட்ட இரும்புப் பாத்திரம் எது என்று நீங்கள் யோசித்துப் பார்த்தால் உங்கள் அம்மா வெர்லீனுக்குச் சீதனமாகக் கொடுத்த பீன்ஸ் சட்டி ஞாபகத்துக்கு வரும், எனக்கும் அதுதான் வந்தது. தகடு இறுகிவிட்டது, அதில் குறையே இல்லை, பொறி பறந்த பறப்பில் என் வலது புருவம் போய்விட்டது. பீன்ஸில்தான் இன்றுவரை ஏதோ ஒரு வாசனை.

சரி, வெடித்தது. வெடித்தாலும் குண்டு குறி அட்டைக்குக் கீழே மண்ணில்தான் போய்ச் சொருகியது. குழல் நுனியில் குறி பார்க்க ஒரு முள் இருக்கிறதல்லவா, அதை அரத்தால் கொஞ்சம் ராவினால் குண்டு மேலே ஏறும் என்பது சாஸ்திரம். கொஞ்சம் ராவினேன், கொஞ்சம் ஏறியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பாட்டுப் பாடிக்கொண்டே ராவியதில் முள் ஒரு கடுகளவு ஆகிவிட்டது, அடுத்த குண்டு அட்டைக்கு மேலே போய், மண்மேட்டு உச்சியில் காற்றுப் பார்க்க நட்டிருந்த தகரச் சேவலின் வாலைக் கொண்டுபோயிற்று. புது முள் வாங்கிப் பொருத்தினேன். இப்போது உயரம் சரி, குண்டு இடப்பக்கம் ஒதுங்கியது. முள்ளை வலப்பக்கம் தட்டினேன், இன்னும் இடப்பக்கம் போயிற்று. மேலும் வலப்பக்கம் தட்டினேன், அட்டையை விட்டே போயிற்று. வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினால் வெர்லீன் மாவு பிசைந்துகொண்டே, "அந்த முள்ளு உன்னை மாதிரி போல இருக்கு ஹாலிஸ். நாம ஒரு பக்கம் தள்ளினா காரியம் மறுபக்கம்தான் நடக்கும்" என்றாள். மறுநாள் இடப்பக்கம் தட்டிப் பார்த்தேன். சரியாகிவிட்டது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

அதோடு நின்றிருந்தால் நான் ஏன் இந்தக் கடிதம் எழுதப்போகிறேன். போன வாரம் பர்லோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே மருந்து போட மறந்து வெறும் குண்டை உள்ளே இறக்கிவிட்டேன். சிரிக்காதீர்கள், எல்லாரும் ஒருநாள் செய்வதுதான், ஆனால் எங்கள் சங்கத்தில் யார் செய்தாலும் கழுத்தில் ஒரு மர வாத்தைக் கட்டிவிடுவார்கள், அடுத்தவன் அதே தப்பைச் செய்யும்வரை, அல்லது போட்டியில் ஜெயிக்கும்வரை, கழற்றக் கூடாது. உள்ளே போன குண்டை வெளியே இழுக்க, திருகாணி வைத்த கோலை அதில் பதித்து, கோலின் மறுமுனையை ஓடைக்கரை வேலித்தூணில் கட்டி, நானும் பர்லும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு இழுத்தோம். வந்தது. எங்கள் இருவரையும் ஓடையில் உட்காரவைத்துவிட்டு வந்தது. நனைந்த கால்சட்டையும் கழுத்தில் வாத்துமாக நான் வீட்டுக்குள் நுழைந்ததும்தான் வெர்லீன் அளவு நாடாவை எடுத்தாள்.

"நல்லாக் கேட்டுக்கோ ஹாலிஸ். சனிக்கிழமை போட்டில முதல் பரிசு பன்னித்தொடை. அது இந்த வீட்டுக்கு வந்தா இந்தக் குழாயும் வீட்டுல இருக்கட்டும். வரலைன்னா ஜன்னலுக்குப் போகுது. திரைக்குத் துணி வாங்கியாச்சு."

"கடையில கம்பி மலிவாத்தானே விக்கறான் வெர்லீன்?"

"கடைக் கம்பிக்கு எதுக்குக் காசு? இத்தனை நாள் தின்னு தூங்கின இதுவும் ஒரு வேலை செய்யட்டும்."

இனி நான் சொல்லப்போவதை நீங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். குண்டைச் சுற்றி ஒரு துண்டுத் துணி வைத்துத்தான் கெட்டிப்பது வழக்கம், துணி நன்றாக இருந்தால்தான் குண்டு நேராகப் போகும். என் சட்டையை வைத்தேன், கருகியது. தீவன மூட்டைச் சாக்கு, கிழிந்தது. பர்லின் பழைய கால்சட்டை, அதைப் பற்றிப் பேச வேண்டாம். வெள்ளிக்கிழமை சமையலறை அலமாரியில் ஒரு துணி மடித்து வைத்திருந்தது. நீலக் கோடு, இடையிடையே மஞ்சள் பூ, நெசவு அப்படியொரு நெருக்கம், விரலால் நீவினால் போதும், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பெரிய துணியாயிற்றே, ஓரத்தில் வெட்டினால் தெரியும், நடுவில் வெட்டினால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று வட்டமாக வெட்டினேன். ஒரு வட்டம் வெட்டினால் கையில் எட்டு வட்டம் வந்தது மச்சான்! எவ்வளவு லாபம் பாருங்கள் என்று இன்னும் இரண்டு மூன்று வெட்டினேன். துணி எட்டாக மடித்திருந்ததால்தான் எட்டு வந்தது என்பது சத்தியமாக அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை நான் சுட்ட சூட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அத்தனை குண்டும் அரை டாலர் காசை வைத்து மூடிவிடலாம் போல ஒரே இடத்தில்! வாத்தைக் கழற்றித் தூக்கிப் போட்டேன், பர்ல் கட்டிப்பிடித்துத் தூக்கினான், பன்றித்தொடையை, பார்க்க வந்திருந்த வெர்லீன் கையில் கொடுத்தார்கள், அவள் கண்ணில் பெருமையில் தண்ணீர்கூட வந்தது. அங்கேயே கூட்டம் கலைந்திருக்கலாம். ஆனால் எங்கள் பழக்கம் என்னவென்றால், சுட்டு முடித்ததும் முன்னால் புல்லில் விழுந்து கிடக்கிற துணித் துண்டுகளைப் பொறுக்கி, கருகியிருக்கிறதா கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது. பாழாய்ப்போன பர்ல் ஒன்றை எடுத்துத் தலைக்குமேலே உயர்த்தினான்.

"எல்லாரும் பாருங்கய்யா! ஒரு நூல் கருகலை! மாப்ளே, எங்கடா பிடிச்ச இந்தத் துணியை? வெர்லீன், நீயே பாரு, எவ்வளவு அழகா பூப் போட்டிருக்கு!"

வெர்லீன் பார்த்தாள். பன்றித்தொடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு சாந்தமாக, "இந்தப் பூவுக்கு நான் கஜக்கணக்குல காசு குடுத்திருக்கேனே" என்றாள்.

வீட்டுக்கு வந்து திரைத் துணியை விரித்தாள். ஒரே சீராக, வரிசை தப்பாமல், மேலிருந்து கீழ்வரை ஓட்டை. நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, பன்றித்தொடை வந்தால் துப்பாக்கி வீட்டில் இருக்கலாம் என்று நீ வாக்குக் கொடுத்தாயே என்று ஞாபகப்படுத்தினேன்.

"ஆமா, குடுத்தேன். வீட்டுலதான் இருக்கும். வீட்டுல எங்க இருக்கும்னு நான் சொல்லலையே."

ஆணி இரண்டும் அடித்தாகிவிட்டது மச்சான். அதனால் உங்களைக் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். நீலக் கோடும் மஞ்சள் பூவும் போட்ட துணி டேட்டனில் கிடைத்தால் உடனே வாங்கி அனுப்புங்கள். போனில் அவளிடம், இரும்புக் குழலில் திரை மாட்டினால் துணியில் துருக்கறை ஏறும் என்று பட்டும் படாமலும் சொல்லுங்கள். அண்ணன் பேச்சை அவள் தட்டமாட்டாள். தட்டினால் எனக்கு வேறு கதி இல்லை.

உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமலும், அடுப்பு அணையாமலும், கியர்பாக்ஸ் மறுபடி மக்கர் பண்ணாமலும் ஆண்டவன் காப்பாற்றட்டும். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
புருவம் ஒன்று குறைந்த உங்கள் மாப்பிள்ளை,
ஹாலிஸ்

பின்குறிப்பு: திங்கட்கிழமை சாயங்காலம். கடிதத்தை ஒட்டுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. போன் போடாதீர்கள். துணியும் அனுப்பாதீர்கள். இன்று காலையில் வெர்லீன் என்னை அவமானப்படுத்துவதற்காகவே அந்த ஓட்டைத் திரையைத் துப்பாக்கியில் கோத்து ஜன்னலில் மாட்டினாள். வெயில் வந்தது பாருங்கள், மேஜை, ரொட்டி, நாய், என் வழுக்கை, எல்லாவற்றின் மேலும் வட்ட வட்டமாக வெளிச்சம். அவள் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "என் திரையைத் தின்ன சாமான் அப்படி என்னதான் பண்ணுதுன்னு நானும் ஒருதரம் பாக்கறேன்" என்று கோழிக்கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சுட்டாள். முதல் குண்டு நட்டநடுவில். இரண்டாவது அட்டையிலேயே படவில்லை என்று நான் சந்தோஷமாகக் கத்தினேன், போய்ப் பார்த்தால் அதே ஓட்டைக்குள் போயிருக்கிறது. சேதி கேட்ட பர்ல் உடனே அவள் பெயரைச் சங்கத்தில் எழுதிவிட்டான். துப்பாக்கி தப்பித்தது, ஆனால் இனி அது என்னுடையது இல்லை. விசை கொஞ்சம் கனமாக இருக்கிறதாம், நாளைக்குள் நான் சரிபண்ணித் தர வேண்டுமாம். ஓட்டைத் திரை மட்டும் ஜன்னலிலேயே இருக்கட்டும், வெளிச்சம் அழகாக இருக்கிறது என்கிறாள், அதனால் மறுபடியும் அளவு நாடாவோடு வீட்டைச் சுற்றி வந்தாள், என் தூண்டில் கழி அச்சாகப் பொருந்திவிட்டது. மச்சான், டேட்டனில் சாதாரணத் திரைக் கம்பி கிடைக்கும் அல்லவா? உடனே ஒன்று அனுப்புங்கள். சனிக்கிழமை நான் மீன் பிடிக்கப் போக வேண்டும்.