மவுஸ் சாமியாரும் வழுக்கை மருந்தும்

வண்ணார்பேட்டையில் இன்டர்நெட் சென்டர் வந்தது. அடுத்த மாதமே எதிர்மாடியில் மவுஸ் சாமியார் அவதரித்தார். பிள்ளை இன்டர்நெட்டில் என்ன பார்க்கிறது என்பதை, மவுஸ்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்துக் கண்மூடிச் சொல்லிவிடுவார். ஒரே நிபந்தனை: முந்தின நாள் பிள்ளை எதிர்க்கடையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கேதான் அலை சுத்தமாம்! கடைக்காரன் மாரிக்கண்ணு சாமியாரின் மைத்துனன் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் மாடிப்படி நிறையக் கூட்டம்.

கோமுவின் கணவர் வைத்தியலிங்கம் கணக்கு வாத்தியார். அவரும் அந்த வரிசையில்தான்.

"சாமி தோஷம்னு சொல்லிட்டா, மீனுவுக்கு பிளஸ் ஒன்னுல கம்ப்யூட்டர் குரூப்பு கிடையாது. தையல் படிக்கட்டும்!"

மகள் மீனு அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். கோமு கணவரை மறித்தாள்.

"என்ன பாக்கான்னு அவகிட்ட கேட்டியளா?"

"கேட்டா சொல்லுவாளாக்கும்!"

கோமுவே மகளைச் சென்டருக்குக் கூட்டிப் போனாள். கேபின் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மெஷின்முன் தானே உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முன்பு டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த விரல்கள் அவளுக்கு. மீனு பக்கத்திலிருந்து வழி மட்டும் சொன்னாள்.

மறுநாள் சாமியார் எலுமிச்சம்பழத்தோடு நடுங்கினார்.

"ஐயையோ! இந்தப் பிள்ளையை வழுக்கத்தலை ஆவி பிடிச்சிருக்கு! வழுக்கைக்கு மருந்து தேடி அலையுது!"

கூட்டம் முழுக்க வைத்தியலிங்கத்தின் தலையைப் பார்த்தது. டியூப்லைட் அதில் தெளிவாகத் தெரிந்தது.

"தேடுனது நான் சாமி, எங்க வீட்டுக்காரருக்காக," என்றாள் கோமு. "இவ கீபோர்டையே தொடல. உங்க பழம் பிள்ளையைப் படிச்சுதா, கடை மெஷினைப் படிச்சுதா?"

"பாத்ததெல்லாம் மெஷின்லயே பதிஞ்சிருக்கும்மா. மாரிக்கண்ணு மாமா பாத்துச் சொல்லியிருப்பாங்க," என்றாள் மீனு. "சாமி, நேத்து வீட்டுல நான் என்ன புஸ்தகம் வாசிச்சேன்? அதைச் சொல்லுங்க பாப்போம்."

பழம் உருண்டு கீழே விழுந்தது. சாமியார் அதைத் தேடிக் குனிந்தார்.

"ஏலே மாரிக்கண்ணு! எங்கலே ஓடுத?" என்று எதிர்க்கடையைப் பார்த்துக் கத்திக்கொண்டே கூட்டம் படியிறங்கியது.

வீட்டுக்கு நடக்கையில் வைத்தியலிங்கம் மகள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, அப்படி என்னதான் பாப்ப?"

"கிரகணம் எப்படி வருதுன்னு பாப்பேம்ப்பா. நீங்க இன்னைக்குத்தான கேக்கிய."

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. கம்ப்யூட்டர் குரூப்புக்கு மறுநாளே அவரே போய் விண்ணப்பம் வாங்கி வந்தார்.

மற்றவர்கள்? பாளையங்கோட்டையில் கீபோர்டு சாமியார் வந்திருக்கிறாராம். அங்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. போகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்: பெற்ற பிள்ளையிடம் கேட்பதற்கு வரிசையே கிடையாது!