நடுவில் இருப்பது பிரேக்

காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரர் வெகுநேரமாக ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். டப்பாவுக்குள் பிரேக் ஆயில் இருந்தது. அதன் அளவில் குறை இல்லை. நிறம்தான் அவரை உறுத்தியது.

காரோடு வந்த கையேட்டை அன்று காலைதான் முதல்முறையாகப் பிரித்திருந்தார். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளுமாம். ஈரம் ஏற ஏறச் சீக்கிரம் கொதித்துவிடுமாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் சூடேறிக் குமிழி விட்டு, மிதித்த கால் பஞ்சுமூட்டைக்குள் போவதுபோல் போய்விடுமாம். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டுமாம். கார் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. மாற்றிய ஞாபகம் அவருக்கு இல்லை.

அவருக்குத் தெரிந்தது மருந்து. வெயிலில் கிடந்த டானிக் நிறம் மங்கிச் சத்துப் போய்விடும். இந்த ஆயிலோ வெளிறி, அடி தெரியும்படி கிடந்தது. வீரியம் முழுக்கப் போய்விட்டது என்று முடிவு கட்டினார்.

மறுநாள் அவர் மலை ஏறியாக வேண்டும். மனைவி மலைமேல் அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகிவிட்டது. ஏறுவது கிடக்கட்டும், அவளை உட்காரவைத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

அவள் போன காரணம் கொஞ்சம் விசித்திரமானது. அவளுடைய அப்பா, ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தன் மனைவி இறந்த பிறகு இவர்களோடுதான் இருந்தார். மாமனாருக்கும் மருமகனுக்கும் பகை ஒன்றும் கிடையாது. மரியாதைதான். அந்த மரியாதை வருஷக்கணக்கில் முற்றிக் கட்டையாகிவிட்டது. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு" என்பார் இவர். "மாப்பிள்ளைக்குத் தண்ணி வையும்மா" என்பார் அவர். இரண்டு பக்கத்துப் பேச்சையும் தூக்கிக்கொண்டு அவள் நடுவில் நின்றாள்.

ஒருநாள் பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பேச்சு சுமக்கறதுக்கு நான் ஆள் இல்ல. நீங்க நேருக்கு நேர் பேசற அன்னிக்குச் சொல்லுங்க, வரேன்."

அவள் இல்லாத வீட்டில் இரண்டு ஆண்கள் ஒருவர் இருமினால் இன்னொருவர் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக நாளைத் தள்ளினார்கள். மருந்துக்கடைக்காரருக்கு அவள் இல்லாமல் வீடு தாங்கவில்லை. மாமனாரிடம் பேச்சைத் தொடங்குவதா, மலை ஏறிப் போய் மன்னிப்புக் கேட்பதா என்று யோசித்தார். மலை சுலபமாகத் தெரிந்தது.

உதிரிபாகக் கடைக்குப் போனார். அலமாரியில் டாட் மூன்று, நான்கு, ஐந்து என்று ரகம் எழுதிய பிரேக் ஆயில் பாட்டில்கள் நின்றன. டப்பா மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்கிக்கொள்ளும்படி கடைக்காரர் சொன்னார். மூடியில் நான்கு என்று இருந்தது இவருக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் ஆறு வருஷ அலட்சியத்தை நான்கு எப்படிச் சரிக்கட்டும்? ஐந்தை வாங்கினார். சொந்தமாக மருந்து சாப்பிடாதீர்கள் என்று தினமும் கல்லாவில் நின்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர்.

வீட்டு வாசலில் வேலை தொடங்கியது. ஊசி போடும் பெரிய குழலால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்தார். எடுத்ததில் கொஞ்சம் மட்கார்டில் சிந்தியது. துணியால் அழுத்தித் துடைத்தார். புது ஆயிலை ஊற்றினார். ஊதா நிறத்தில் வீரியமாகத்தான் தெரிந்தது. மருந்துப் பாட்டிலைக் குலுக்கி உபயோகிப்பதுபோல, நன்றாகக் கலக்கட்டும் என்று பிரேக்கைப் பத்து இருபது தடவை மிதித்தார். அதன்பிறகுதான் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தார். வேறெந்த வகையோடும் சேர்க்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

மறுபடியும் கடைக்கு ஓடினார். கடைக்காரர் அவரைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார்.

"நம்பர் பெருசானா வீரியம் பெருசுன்னு இல்ல சார். மூணு, நாலு, அஞ்சு புள்ளி ஒண்ணு, இதெல்லாம் ஒரு குடும்பம். வெறும் அஞ்சு வேற குடும்பம், சிலிகான். ரெண்டும் ஒட்டாது. குழாய்ல போனதையெல்லாம் எடுத்துடுங்க."

எப்படி எடுப்பது என்றும் அவரே சொன்னார். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே திருகாணியைத் திறந்து ஆயிலை வெளியே விட்டு, மூடிய பிறகே காலை எடுக்கச் சொல்ல வேண்டும். மூடுமுன் காலை எடுத்தால் காற்று புகுந்துவிடும். மேலே டப்பாவில் ஆயில் தீர்ந்தாலும் புகுந்துவிடும். தெரியாத வேலை, பட்டறையில் விட்டுவிடுங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை, பட்டறை பூட்டிக் கிடந்தது. இவர் டாட் நான்கை வாங்கிக்கொண்டு வந்தார். வாசலுக்கு வந்ததும் காரின் மட்கார்டில், தான் துடைத்த இடத்தில் பெயின்ட் சுருங்கி எழுந்து நிற்பதைப் பார்த்தார். அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரம் இல்லை. இரண்டாவது ஆள் வேண்டும்.

அக்கம்பக்கத்தில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. திறந்திருந்த ஒரே கதவு அவர் வீட்டுக் கதவு. உள்ளே மாமனார் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"மாமா," என்றார் மருந்துக்கடைக்காரர். அந்தச் சொல் தொண்டையில் துருப்பிடித்துக் கிடந்தது. "ஒரு சின்ன உதவி."

மாமனார் தாளை மடித்து வைத்துவிட்டு உடனே எழுந்து வந்தார். ஓட்டுநர் இருக்கையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். வாழ்நாளில் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டாத மனிதர் என்று மருமகன் நினைத்திருந்தார். யாரும் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை.

இவர் டப்பாவிலிருந்த ஊதாவை உறிஞ்சி எடுத்து டாட் நான்கை ஊற்றிவிட்டு, தரையில் படுத்துக்கொண்டு மிதிக்கச் சொன்னார். மிதித்துவிட்டதாக மேலிருந்து பதில் வந்தது. திருகாணியைத் திறந்தார். வேண்டாவெறுப்பாக ஒரு சொட்டு வந்தது. மூடினார், திறந்தார், அடுத்த சக்கரத்துக்குப் போனார். வெயில் உச்சிக்கு ஏறியது. நான்கு சக்கரத்திலும் இதே கதைதான். கடைசியில் எழுந்து வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மாமா, நீங்க மிதிக்கறது கிளட்ச்."

"அப்படியா?"

"நடுவுல இருக்கறதுதான் பிரேக்."

"மாப்பிள்ளை சொல்லலையே," என்றார் மாமனார் வருத்தமாக.

மீண்டும் படுத்தார். இந்த முறை ஆயில் பீறிட்டு வந்தது. ஆனால் அவர் "இப்ப தயவுசெஞ்சு கொஞ்சம் காலை எடுத்துடுங்க மாமா" என்பதைத் தொடங்கி முடிப்பதற்குள் கால் பாதியில் எழும்பிவிட்டது. இருமுறை, மும்முறை இப்படியே ஆனது.

"நான் சொல்லி முடிச்ச பிறகு எடுங்க மாமா."

"நீங்க முடிக்கறதுக்குள்ள கால் மரத்துப்போகுது மாப்பிள்ளை. சிக்னல்ல இவ்வளவு நீளமா யாரும் பேச மாட்டாங்க. மிதி, பிடி, விடு. அவ்வளவுதான்."

"உங்களைப் போய் மிதின்னு எப்படிச் சொல்றது?"

"பிரேக்கைத்தானே மிதிக்கச் சொல்றீங்க? என்னையா?"

மருந்துக்கடைக்காரர் தரையில் கிடந்தபடி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் சொன்னார்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"பிடி."

"பிடிச்சாச்சு."

அதன்பின் வேலை ஓடியது. இரண்டு குரல்களும் ஒரு தாளத்துக்கு வந்தன. ஊதா குறைந்து குழாயில் தெளிந்த ஆயில் வந்தது. மருந்துக்கடைக்காரருக்கு வெட்கம் விட்டுப்போயிருந்தது, மனசு லேசாகவும் இருந்தது. கடைசிச் சக்கரத்தில் மேலிருந்து ஒரு குரல், கேட்காத கேள்விக்குப் பதிலாக வந்தது.

"உங்க அத்தை போன பிறகு யாரும் எனக்கு ஒரு வேலை சொன்னதில்ல மாப்பிள்ளை. உட்காருங்க, படுங்க, ஓய்வெடுங்க. இதையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு."

கீழே இருந்தவர் திருகாணியை இறுக்கினார். பத்து நாளாக இந்த மனிதருக்கு மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு, சாப்பிட்டாரா என்று கேட்காமல் கடைக்குப் போனதை நினைத்தார். கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு "மிதி, விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மேலே டப்பாவை நிரப்ப மறந்துவிட்டார்.

திருகாணியிலிருந்து புஸ் என்று காற்று வந்தது. பிரேக் பெடல் தரையைத் தொட்டு அங்கேயே தங்கிவிட்டது.

"டப்பாவைப் பார்க்கக் கூடாதா மாமா?"

"நான் உள்ளே உட்கார்ந்து அதை எப்படிப் பார்ப்பேன்? நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"நீங்க பேசிட்டிருந்தீங்க, நான் கேட்டுட்டிருந்தேன்!"

"அப்ப குத்தம் என்மேலயா?"

சட்டைப்பையில் கைபேசி அடித்தது. மாத்திரையைப் பற்றி விசாரிக்க மனைவி தினமும் கூப்பிடும் நேரம். எண்ணெய்க் கையால் அழைப்பை ஏற்றுவிட்டு, காதில் வைக்காமலே வாதத்தைத் தொடர்ந்தார். காலை எடுத்தது யார், கிளட்சை மிதித்தது யார் என்பதெல்லாம் வரிசையாக வந்தது. மாமனாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஓய்ந்தபோதுதான் மறுமுனையில் அவள் கேட்டுக்கொண்டிருப்பது உறைத்தது.

"அது யாரு குரல்?" என்றாள் அவள்.

"உன் அப்பாதான்."

"யார்கிட்ட பேசறார்?"

"என்கிட்டதான், வேற யார்கிட்ட?"

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு சொன்னாள்: "நாளைக்கு முதல் பஸ்ல வரேன். வண்டியைத் தொடாதீங்க."

மறுநாள் காலை பட்டறையிலிருந்து மெக்கானிக் இழுவை வண்டியோடு வந்தார். மாமனாரும் மருமகனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ஆறு வருஷமாக மாற்றாமல் விட்டது தன் தவறு, ஆயில் வெளுத்துச் செத்துப்போயிருந்தது, வேறு வழி இல்லாமல்தான் கை வைத்தேன் என்றார்.

மெக்கானிக் உறிஞ்சி வைத்திருந்த பழைய ஆயிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பழசானால் கறுக்கும், இப்படி வெளிறி இருந்தால் புதுசு என்று அர்த்தம் என்றார். பிறகு மாமனாரைத் திரும்பிப் பார்த்தார். மாமனார் எதிர்வீட்டு மதிலை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மாசம்தானே சார் மாத்தினேன்? இந்தப் பெரியவர்தான் தனியா வண்டிய ஓட்டிக்கிட்டு வந்தாரு."