விமானத்தில் தலைமடை தேடியவன்

வாழ்நாள் முழுவதும் கடைமடையில் பயிர் செய்தவனுக்கு ஒரே ஓர் ஆசைதான் உண்டு: ஒரு முறையேனும் தலைமடைக்காரனாக இருந்து பார்த்துவிட வேண்டும். வாய்க்கால் தலைப்பில் உள்ளவன் நட்டு முடித்துக் கால்மேல் கால் போட்டு அமர்ந்த பிறகே, திருப்பனந்தாளை அடுத்த எங்கள் வயலைத் தண்ணீர் எட்டிப் பார்க்கும். அவ்வாசையை வயலில் தீர்த்துக்கொள்ள இயலாதவன் விமானத்தில் தீர்த்துக்கொள்ள முற்பட்டால் என்ன நேரும் என்பதற்கு நானே சான்று.

கணினி படித்த பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகக் கடல் கடந்த காலம் அது. லண்டனிலிருந்த என் மகன், மருமகளின் பிரசவத்திற்கு எங்களை அழைத்திருந்தான். என் மனைவி விசாலாட்சிக்கு முழங்கால் வலி. சிறிது நேரம் காலை மடக்கி அமர்ந்தாலும் நிமிர்வதற்கு இருவர் துணை வேண்டும். பிள்ளைபெற்றவளைப் பார்த்துக்கொள்ள வருபவள் தானே படுத்துவிடலாகாது என்றெண்ணி, கால் நீட்ட இடமுள்ள முன்வரிசையில் மகன் பதிவு செய்திருந்தான்.

"அப்பா, சீட்டை மட்டும் மாத்திடாதீங்க" என்று தொலைபேசியில் மன்றாடவும் செய்தான். (மன்றாடினால் கேட்கிற ஆளா நான்?)

சென்னை விமான நிலையத்துக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் விசாரணையைத் தொடங்கினேன்.

"சாப்பாடு எங்கேருந்தும்மா வரும்?"

"கடைசியில கிச்சன் இருக்கு சார்."

"அப்ப அதை ஒட்டி ரெண்டு இடம் போடும்மா."

"சார், அங்க சீட்டு பின்னால சாயாது. உங்களுக்கு ரொம்ப நல்ல சீட்டு போட்டிருக்காங்க."

"இந்தா பாரும்மா, மதகு எங்க இருக்கோ அங்கதான் உக்காரணும்."

"அவன் என் காலுக்காகப் பாத்து வாங்கினதுங்க" என்றாள் விசாலாட்சி.

"சும்மா இரு. மொதல் சோறு நமக்குத்தான்."

விமானம் எழும்பியது. உணவு வண்டியும் புறப்பட்டது. என் முழங்கையை உரசிக்கொண்டு, என்னை ஏறெடுத்தும் பாராமல், நேரே முன்வரிசைக்குப் போயிற்று!

"ஏம்மா, இங்கேருந்தே ஆரம்பிக்கலாமே?"

"முன்னாடியிருந்துதான் வருவோம் சார்."

ஒவ்வொரு வரிசையாக உண்டு முடித்து வண்டி எங்களை அடைந்தபோது, சைவ உணவு தீர்ந்திருந்தது. இருவருக்கும் ரொட்டியும் வெண்ணெயும் கிடைத்தன. உண்டவர்கள் அனைவரும் அடுத்து எங்களிடமே வந்தனர். ஏனெனில் கழிவறையும் அங்கேதான் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் முறைவைத்து என் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டனர். கதவு திறக்குந்தோறும் நான் மூச்சை அடக்கினேன்.

"கால் மரத்துப் போச்சுங்க" என்றாள் விசாலாட்சி. அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

வரிசையில் நின்ற அதிராம்பட்டினத்து வியாபாரி ஒருவர் இதைக் கேட்டுவிட்டார். "என்னம்மா, முழங்காலா? என் சீட்டுக்குப் போங்க. மொத வரிசை, நல்லா நீட்டிக்கலாம். யாரோ புண்ணியவான் கடைசி நேரத்துல விட்டுட்டானாம், எனக்கு அடிச்சுது."

விசாலாட்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பணிப்பெண்ணின் தோளைப் பற்றிக்கொண்டு எழுந்து போனாள்.

வியாபாரி என்னருகில் அமர்ந்து, சாயாத இருக்கையைச் சாய்க்க முயன்று, பெருமூச்செறிந்தார்.

"அந்த மாதிரி சீட்டை விடுறவன் எப்பேர்ப்பட்ட மடையனா இருப்பான்?"

"அதானே" என்றேன்.

லண்டனில் விசாலாட்சி தன் காலாலேயே நடந்து இறங்கினாள். இடுப்புப் பிடித்துக்கொண்ட என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சீட்டை மாத்தினீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டான்.

இன்றும் கும்பகோணம் டவுன் பஸ்ஸில் ஏறியதும், "நீங்க எங்க உக்காரப் போறீங்க?" என்று விசாலாட்சி முதலில் என்னிடம் கேட்பாள். நான் ஓர் இடத்தைக் காட்டுவேன். உடனே அவள் பஸ்ஸின் மறுகோடிக்குப் போய்விடுவாள். விடுமுறைக்கு வந்திருந்தால் மகன், மருமகள், பேத்தி எல்லோரும் சிரித்துக்கொண்டே அவள் பின்னால் போவார்கள். மூவர் அமரும் இருக்கையில் நான் ஒருவனே தாராளமாக அமர்ந்து ஊர் வந்து சேர்கிறேன்.