காலி வண்டி துள்ளும்

மெத்தைக்காரர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். முன்கண்ணாடியில் சாலை தெரியவில்லை. வானம்தான் தெரிந்தது.

"இறங்குங்க, இறங்குங்க," என்றார் கல்கடை முதலாளி. "பாதிக் கல்லுதான் ஏத்தியிருக்கு. அதுக்குள்ள உங்க பிக்கப் உக்காந்துடுச்சு."

"உக்காரலண்ணே. லேசா சாஞ்சிருக்கு."

"முன்சக்கரம் தரையைத் தொடலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கு. இதுக்குப் பேரு லேசா?"

சுமை ஏற்றியவர்கள் சிரித்துக்கொண்டே கல்லை இறக்கத் தொடங்கினார்கள். முதலாளி குரலைத் தணித்தார்.

"திங்கக்கிழமை காலையில அடுக்குமாடிக்குச் சமையல் மேடைக் கல்லு போகணும். மொத்தமும் ஒரே நடை. உங்க வண்டி தூக்கிடுச்சுன்னா வருஷம் பூரா வேலை உங்களுக்குத்தான். இல்லன்னா லாரிக்காரன் ஒருத்தன் தினமும் வந்து எனக்கு வணக்கம் வச்சுட்டுப் போறான்."

மெத்தைக்காரருக்கு அந்த வேலை எப்படியும் வேண்டும். பலர் கை மாறி வந்த அந்த பிக்கப்பில் அவர் இத்தனை காலம் மெத்தைதான் ஏற்றினார். மெத்தைக்கு இடம்தான் வேண்டும், எடை கிடையாது. வண்டி டீசலை மட்டும் அநியாயத்துக்குக் குடித்தது, அது அதன் சுபாவம் என்று விட்டுவிட்டார். இப்போது மெத்தைக் கம்பெனிக்காரர்கள் மெத்தையை இறுக்கிச் சுருட்டி, பாய் மாதிரி கட்டி, ஆட்டோவில் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். பேர் மட்டும் அவரிடம் மிஞ்சியது.

கல் வேலையும் போனால் மச்சான் கடைதான் கதி. மனைவியின் அண்ணன் சலவைக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. "மாப்ள, எப்ப வேணா வாங்க. துணிக்கு நம்பர் போடுற வேலைதான்" என்று சொல்லி, அவருக்காக ஒரு ஸ்டூலே வாங்கிப் போட்டிருந்தார். மேலே குஷன் வைத்த ஸ்டூல். யாருக்கும் கைகட்டி நிற்காமல் வண்டி ஓட்டிய மனிதருக்கு அந்த ஸ்டூல் கனவில்கூட வந்து பயமுறுத்தியது.

அன்று மதியமே பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பட்டை பத்தாது சார். பின்பக்கம் ரெண்டு சைடும் ஸ்பிரிங் பட்டை கூட்டிட்டோம்னா மலையையே தூக்கும்."

"மலை வேணாம்பா. சமையல் மேடை தூக்கினா போதும்."

பட்டை ஏறியது. வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, சண்டைக்கு நிற்கும் பூனை போல நின்றது. மெத்தைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவியை ஏற்றிக்கொண்டு மச்சான் வீட்டுக்குக் கிளம்பினார். அவள் மடியில் ஒரு தட்டு நிறைய முட்டை இருந்தது.

"நல்லாத்தான் இருக்குங்க, ஆனா இந்த..." என்று அவள் ஆரம்பித்தபோது வேகத்தடை வந்தது. பேச்சின் முதல் பாதியில் மேலே போனவள், கூரையில் தலையை இடித்துக்கொண்டு மறு பாதிக்குத் திரும்பி வந்தாள். முட்டைகள் தனியாக வந்தன.

வண்டியை மச்சான் வீட்டுக்குப் போகாமல் பட்டறைக்கே திருப்பினார்.

"காலி வண்டி துள்ளத்தான் செய்யும் சார்," என்றார் பட்டறைக்காரர், மெத்தைக்காரர் சட்டையில் வழிந்த மஞ்சள் கருவைப் பார்க்காத மாதிரி. "கொஞ்சம் வெயிட்டைப் போட்டு ஓட்டிப் பாருங்க. பூ மாதிரி போகும்."

மணல் மூட்டைகளை வாங்கிப் பின்னால் அடுக்கினார். உண்மையிலேயே பூ மாதிரி போனது. அதே உற்சாகத்தில் கல்கடைக்குப் போய் நின்றார். கல் ஏறியது. பாதியிலேயே வண்டி மறுபடி வானத்தைப் பார்த்தது.

"மூட்டையை இறக்கி வச்சுட்டுக் கல்லை ஏத்துங்க," என்றார் முதலாளி.

நியாயமான யோசனைதான். மூட்டைகளைக் கடையில் இறக்கிவிட்டு, ஏறிய மட்டும் கல்லோடு, சோதனை நடையாக வேறொரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். கல்லை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பி வரும்போது, ஒரு பள்ளத்தில் பின்கதவு கழன்று பறந்து ஒரு முடிதிருத்தும் கடை வாசலில் போய் விழுந்தது. உள்ளே பாதிச் சவரத்தில் இருந்தவர் மீதிச் சவரம் வேண்டாம் என்று எழுந்து ஓடிவிட்டார்.

"போகும்போது கல்லு இருக்கு. வரும்போது என்ன இருக்கு?" என்று மெத்தைக்காரர் பட்டறைக்காரரிடம் பரிதாபமாகக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல. அப்ப மூட்டை எப்பவும் வண்டியிலயே இருக்கணும்."

"மூட்டை இருந்தா கல்லு ஏற மாட்டேங்குதே."

பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். "மூட்டையையும் கல்லையும் சேர்த்துத் தாங்குற மாதிரி இன்னும் கொஞ்சம் பட்டை கூட்டிடலாம் சார்."

கூட்டினார்கள். இப்போது மூட்டைகளோடு சேர்த்தே வண்டி துள்ளியது. மூட்டைகளைக் கூட்டினார்கள். துள்ளல் நின்றது, கல்லுக்குத் தாங்கவில்லை. பட்டையைக் கூட்டினார்கள்.

மனைவி வாசலில் நின்று இடுப்பில் கையை வைத்துப் பார்த்தாள். தலையில் இன்னும் வீக்கம் இருந்தது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. கல்லுக்காகப் பட்டை. பட்டைக்காக மணலு. மணலுக்காக மறுபடியும் பட்டை. இதுல கல்லு எங்க வருது?"

"அது திங்கக்கிழமை வரும்."

"ஏத்த எடம் எங்க இருக்கு?"

அவர் திரும்பிப் பார்த்தார். வண்டி முழுக்க மணல் மூட்டைகள். ஒரு கல்லைச் சாய்த்து வைக்கக்கூட இடமில்லை. இவ்வளவு நாளாக இது தன் கண்ணில் படவில்லையே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை ஒரு மூட்டை கிழிந்தது. கல்கடையிலிருந்து வீடு வரை சாலையில் மணல் கோடு போட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, சாலை பெருக்கும் அம்மா துடைப்பத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நல்லாத்தான பெருக்கி வச்சிருந்தேன்? என் மேல உனக்கு என்னப்பா கோவம்?"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் மச்சான் வந்து சேர்ந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு மிகுந்த அன்போடு சொன்னார்.

"மாப்ள, அந்த ஸ்டூலுக்குப் புது உறை தச்சுப் போட்டிருக்கேன்."

மெத்தைக்காரர் வண்டிக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அழுகை வந்தது. ஊரார் துணியில் நம்பர் போட்டுக்கொண்டு, மச்சான் காபி குடிக்கச் சொன்னால் குடித்துக்கொண்டு, சாயங்காலம் அவரோடு ஒரே வண்டியில் வீட்டுக்கு வருவதை நினைத்துப் பார்த்தார். அழுகை நின்று கோபம் வந்தது. கோபத்தோடே பட்டறைக்குப் போனார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அதுக்குள்ள ஒரு வழி சொல்லு. இல்லன்னா இந்த வண்டியை உன் பட்டறை மேல ஏத்திடுவேன்."

"ஏறாது சார், துள்ளிடும்," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, பட்டறைக்காரர் அவசரமாக யோசித்தார். முகம் மலர்ந்தது. "தப்பு பட்டை மேல இல்ல சார். வெயிட்டு மேலயும் இல்ல. மூட்டை எடத்தை அடைக்குது, அதுதான் தப்பு. வெயிட்டைத் தட்டையா பரப்பிட்டா?"

"எப்படிப் பரப்புறது?"

"வண்டித் தளத்துல கான்கிரீட் ஊத்திடலாம். ஒரே சீரா இருக்கும். கிழியாது, கொட்டாது. மேல சமமா கல்லை அடுக்கலாம். அந்த வெயிட்டுக்குத் தகுந்த மாதிரி கடைசியா ஒரே ஒரு பட்டை கூட்டிக்கலாம்."

மெத்தைக்காரர் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒரு வாரமாக அவர் கேட்டதிலேயே அறிவுள்ள பேச்சு இதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

"ஆனா வண்டியில தளம் போடுறது எல்லாருக்கும் வராது சார். சும்மா ஊத்தினா முதல் வேகத்தடையிலயே விரிசல் விட்டுடும். பக்கத்துல ஒரு கொத்தனார் இருக்காரு. இதுல கைதேர்ந்தவருன்னு சொல்வாங்க. வரச் சொல்றேன்."

ஞாயிறு காலை. மணல் மூட்டைகளை இறக்கியாயிற்று. வண்டி சுத்தமாகக் கழுவித் துடைத்து வாசலில் நின்றது. ஒரு பக்கம் சிமென்ட்டும் ஜல்லியும் குவிந்திருந்தன. மனைவி, மச்சான், பட்டறைக்காரர் மூவரும் சுற்றி நின்றார்கள். மெத்தைக்காரர் குளித்து, புதுச் சட்டை போட்டு, நாளைக்கே வேலை கிடைத்துவிட்ட முகத்தோடு நின்றார்.

கொத்தனார் சைக்கிளில் வந்து இறங்கினார். வயதானவர், அவசரமே இல்லாதவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்பக்கம் ஏறி, தளத்தின் மேல் அடித்திருந்த இரும்புத் தகட்டைக் கொத்துக் கரண்டியின் பிடியால் இரண்டு இடத்தில் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். திருப்தியோடு தலையாட்டினார்.

"எப்படிங்க? நிக்குமா?" என்று மெத்தைக்காரர் ஆவலோடு கேட்டார்.

"என் வேலை எங்க போகும், கல்லு மாதிரி இருக்கு," என்றார் கொத்தனார். "இந்த வண்டிக்கு நான் கான்கிரீட் ஊத்துறது இது மூணாவது தடவைங்க. தகட்டுக்கு அடியில பழைய ஓனருங்க போட்ட ரெண்டு அடுக்கையும் உடைச்சு எடுத்துடவா, இல்ல அதுக்கு மேலயே ஊத்திடவா?"