நிற்காத ரயிலுக்குக் கையசைத்த ஊர்

எங்கள் மிசோனோ நிலையத்தில் சிறப்பு விரைவு ரயில் நிற்காது. நிற்காமல் போவதால்தான் அதற்கு அத்தனை மரியாதை. நாங்கள் ஏறுவது ஒற்றைப் பெட்டி வண்டி. தண்டவாளம் ஒன்றுதான் என்பதால், விரைவு ரயில் கடக்கும்வரை எங்கள் வண்டி நிலையத்தில் ஒதுங்கி நிற்கும்.

என் மகன் இப்புகிக்குக் காதில் சீழ். காது டாக்டர் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை காலையில் மட்டும் வருவார்.

பக்கத்து ஊர்க்காரர்கள் விரைவு ரயிலுக்குக் கையசைத்துச் செய்தித்தாளில் வந்துவிட்டார்களாம். சும்மா இருக்க முடியுமா? எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் ‘மனமார்ந்த கையசைப்பு மேம்பாட்டுப் பிரிவு’ உதயமானது. அதன் தலைவர் குவாபாரா, அசைப்பதற்கென்று ஊர்ப் பெயர் போட்ட கைத்துண்டை எல்லோருக்கும் கொடுத்தார்.

“இப்புகி அம்மா, வண்டிக்குள்ள உக்காந்துட்டா எப்படி? இறங்கி வாங்க. பிளாட்பாரம் காலியா இருந்தா ரயில்ல போறவங்க நம்மள என்ன நினைப்பாங்க?”

“ஐயா, டாக்டர்...”

“ஒரு நிமிஷம்தாம்மா!”

அசைப்பதற்கு ஒரு நிமிடம்தான். அசைத்தது சரிதானா என்று பேச அப்புறம் ஒரு கூட்டம் உண்டு. எங்கள் பக்கத்தில் எதைச் செய்தாலும் செய்தபின் கூடி உட்கார்ந்து குறை சொல்லிக்கொள்ளாவிட்டால் தூக்கம் வராது. எங்கள் வண்டி டிரைவரும் கையசைத்தவர் ஆகையால் அவரும் கூட்டத்தில் உட்கார்ந்தார். இரண்டு வியாழக்கிழமை நான் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார்.

மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டு தோகாஷி அக்கா என் காதில் கிசுகிசுத்தாள். “துண்டை ஈ ஓட்டுற மாதிரி ஆட்டாதடி. நல்லா வீசு. இல்லன்னா இன்னிக்குக் கூட்டம் பூரா உன் பேச்சுதான்.”

கூட்டம் சீக்கிரம் முடியட்டுமே என்று பலங்கொண்ட மட்டும் வீசினேன். என்னைப் பார்த்து எல்லோரும் வீசினார்கள். தண்டவாளத்தருகே யாராவது துணியை வெறியோடு வீசி ஆட்டினால் ஆபத்து, உடனே நிறுத்து என்பது ரயில்காரர்கள் விதி. விரைவு ரயில் கிரீச்சென்று நின்றுவிட்டது.

கண்டக்டர் ஓடிவந்து தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். “நின்னதுக்கு மன்னிக்கணும்!”

நாங்களும் குனிந்தோம். “நிறுத்தினதுக்கு நீங்கதான் மன்னிக்கணும்!”

யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் போனது. நான் குனிந்தபடியே கேட்டேன். “ஐயா, நின்னதுதான் நின்னீங்க... நானும் குழந்தையும் ஏறிக்கட்டுமா?”

“இந்த ரயில் இங்க நிக்காதும்மா” என்றார், நின்ற ரயிலில் சாய்ந்துகொண்டு.

ஜன்னல்களில் எல்லோரும் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். அத்தனை பேரும் மற்ற ஊர்களின் கையசைப்புப் பிரிவினர். எங்களிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களாம்.

பிறகு ‘விரைவு ரயில் ஒருமுறை நின்ற நிலையம்’ என்று பலகை வைத்தார்கள். படமெடுக்கக் கூட்டம் வந்தது. ஒதுங்கி நிற்கும் எங்கள் வண்டி பலகையை மறைக்கிறது என்று வண்டியையே ரத்து செய்தார்கள். யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்தால் அதற்கும் ஒரு கூட்டம்.

அடுத்த வியாழக்கிழமை என் கணவரின் குட்டி லாரியில் கிளம்பினோம். ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். முன்னும் பின்னும் வண்டிகள், ஒற்றைப் பெட்டியில் போய்க்கொண்டிருந்த அதே ஜனங்கள். விரைவு ரயில் வந்தது. காத்திருந்த எல்லா வண்டிகளின் ஜன்னல்களிலிருந்தும் கைகள் நீண்டன. என் கையும்தான்.

கேட் திறந்தது. ஒரு வண்டியும் நகரவில்லை. குவாபாரா அங்கே இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொருவராக இறங்கி ரோட்டோரம் வட்டமாக நின்றார்கள். தோகாஷி அக்கா தொண்டையைச் செருமினாள்.

இன்றைக்கு என் கை கொஞ்சம் தாழ்ந்துதான் போயிருந்தது. அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் இறங்கினேன்.