வேகாத முட்டையும் ஒன்பதாம் வகுப்பு 'பி'யும்

"அடுப்பைப் பத்திச் சொல்லுடான்னா பஃப்ஸைப் பத்திச் சொல்றே?"

கிளிஃபர்ட் சாருக்குக் காது சிவந்துவிட்டது. கடைசி பெஞ்சில் அஷ்வின் பவ்யமாக நின்றான்.

"அடுப்புல முட்டை வேகல சார். நீங்க பேக்கரில பஃப்ஸ் வாங்கித் தந்தீங்க. சக்கத்தா, செம டேஸ்ட்டா இருந்துச்சு."

மேகம் மூடிய பெங்களூரில் அறிவியல் ப்ராஜெக்டாகச் சூரிய அடுப்பு செய்யச் சொன்னது தன் தப்பென்று கிளிஃபர்ட் ஒருநாளும் நினைத்ததில்லை. தப்பு மேகத்தினுடையது. ஆனால் மாடியில் கட்டிய புது அறை இப்போது அந்த அடுப்பை நம்பித்தான் இருந்தது. மறக்கமுடியாத ப்ராஜெக்ட் எது என்று பிள்ளைகளையே கேட்பேன், அதிகம் பேர் சொல்லும் டீச்சருக்கே அறை என்று பிரின்சிபால் டோரீன் மேடம் அறிவித்திருந்தார். கிளிஃபர்ட் வருஷக்கணக்காக மாடிப்படிக்கு அடியில், உடைந்த குளோபுகளுக்கு நடுவே லேப் நடத்துகிறவர். போட்டிக்கு இருந்தது லைஃப் ஸ்கில்ஸ் எடுக்கும் பிரபா மேடம் மட்டும்தான். அவர் ப்ராஜெக்ட் என்று ஒரு அட்டையைக்கூட வெட்டச் சொல்லி யாரும் பார்த்ததில்லை.

பிரின்சிபால் வருவதற்குள் ஞாபகத்தைப் புதுப்பித்துவிட, வகுப்பையே அடுப்போடு மொட்டைமாடிக்கு ஓட்டினார். முட்டையை வைத்ததும் தூறல் போட்டது. சோஃபியா ஓடிவந்து குடை பிடித்தாள், அடுப்புக்கு.

"குடை பிடிச்சா வெயில் எப்படிம்மா உள்ள போகும்?"

"வெயிலே இல்லையே சார்."

பல்லைக் கடித்தபடி எல்லோரையும் கீழே இறக்கி, பதிலை மனப்பாடம் செய்யவைத்தார். 'சூரிய அடுப்பு' என்று சொல்லவேண்டிய இடத்தில் அஷ்வின் 'சூரிய பஃப்ஸ்' என்றான். திருத்தினார். மறுபடியும் பஃப்ஸ். டஸ்டர் பறந்து ஜன்னலில் மோதியது. ஒருவரும் பயப்படவில்லை. வகுப்பு முழுக்க ஆவலோடு அவரையே பார்த்தது. அந்த ஆவல்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியை ஒரு உதை விட்டார். அது வழுக்கிக்கொண்டு போய், அப்போதுதான் உள்ளே நுழைந்த டோரீன் மேடத்தின் காலடியில் நின்றது.

மேடம் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து, மறக்கமுடியாத ப்ராஜெக்ட் எது என்று கேட்டார்.

"பிரபா மேடம் ப்ராஜெக்ட்" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

"அவங்க என்னடா ப்ராஜெக்ட் குடுத்தாங்க?" கிளிஃபர்டின் குரல் கிழிந்தது.

இவ்வளவு நேரமும் அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்த அனுஷா எழுந்தாள்.

"ஒருத்தருக்குக் கோபம் எப்படி ஏறுதுன்னு கூட இருந்து கவனிக்கணும் சார். காது, டஸ்டர் எல்லாம் போன வாரமே கிடைச்சிருச்சு. நாற்காலி மட்டும்தான் பாக்கி இருந்துச்சு."