பாஸ்போர்ட்டுக்கு ஒரு பி.ஏ.

கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு இரண்டு பாகம் கொண்டது: போக்கர் ஆட்டத்தில் பாரதத்தின் மானம் காக்க எஸ். சண்முகராஜ் பி.ஏ. வெளிநாடு புறப்படுவதற்கு முன், புறப்பட்டதற்குப் பின். முதல் பாகம் 2006 ஜூன் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு முடிந்திருக்க வேண்டியது. டிராவல்ஸ் வைத்திருக்கும் ஜெபராஜ் ஒரு மார்க் ஷீட் கேட்டதால் தள்ளிப்போயிற்று.

“பத்தாவது மார்க் ஷீட் வேணும்ணே” என்றார் ஜெபராஜ், பாஸ்போர்ட் விண்ணப்பத்தைப் புரட்டியபடி.

“நான் பி.ஏ.ப்பா.”

“அப்ப டிகிரி சர்டிபிகேட்டே போதும்ணே.”

சண்முகராஜ் முகத்தில் ஈயாடவில்லை, எறும்பும் ஊரவில்லை. அதுதான் அவருடைய வித்தை. கையில் ஒன்றுமே இல்லாதபோதும் எல்லாம் இருப்பவன்போல் உட்கார்ந்து, எதிராளியைப் பயமுறுத்திச் சீட்டைக் கீழே வைக்கச் செய்வதுதான் போக்கர். பிரவுசிங் சென்டரில் எட்டு மாதம் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் முந்நூறு பேரைச் சாய்த்து, வெளிநாட்டுப் போட்டி ஒன்றில் இலவச இடம் பிடித்திருந்தார். கம்ப்யூட்டரில் யார் முகமும் யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆனால் அவருடைய ஆகப் பெரிய ஆட்டம் கம்ப்யூட்டருக்கு வெளியே நடந்தது. கல்யாணப் பத்திரிகையிலும் திராட்சை மண்டிப் பலகையிலும் பி.ஏ. என்று போட்டு இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டார். இதுவரை எவரும் ‘சீட்டைக் காட்டு’ என்று கேட்டதில்லை. அந்தப் பி.ஏ. பத்தாவதில் மூன்று பாடங்களில் போனது.

“எதுவும் இல்லாதவுக என்ன செய்வாக?” என்றார், யாருக்கோ விசாரிப்பவர்போல்.

“பத்தாவது தேறாதவுகளுக்குப் பாஸ்போர்ட்டுல இ.சி.ஆர்.னு, வெளிநாடு போக அனுமதி வேணும்னு ஒரு முத்திரை குத்திருவாகண்ணே. அப்புறம் மெட்ராஸ் ஆபீஸ்ல போய் நின்னு விலக்கு வாங்கணும். உங்களுக்கு எதுக்கு அந்த அசிங்கம்? வருமான வரி கட்டுன ரசீது இருந்தாலும் போதும்.”

வரி கட்டிய ரசீது சண்முகராஜிடம் பி.ஏ.வைவிட அரிய பொருள்.

“சர்டிபிகேட் தொலஞ்சுபோச்சுப்பா.”

“அம்புட்டுத்தானா? பேப்பர்ல விளம்பரம் கொடுத்துட்டு டூப்ளிகேட் வாங்கிரலாம். ஆமா, எந்த நாடுண்ணே?”

“பாஸ்போர்ட் உலகம் பூராச் செல்லுமா, செல்லாதா?”

“செல்லும்ணே.”

“பெறகென்ன?”

வீட்டில் வந்து விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், மனைவி சுருளியம்மாள் பீரோவையும் பரணையும் கவிழ்த்துத் தேடினாள். கிடைக்கவில்லை. அவள் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை. சண்முகராஜ் மண்டிக்குப் போன நேரம் பார்த்துப் பத்திரிகை ஏஜெண்டைக் கூப்பிட்டு விளம்பரம் கொடுத்தாள். வெறும் எழுத்து மட்டும் வந்தால் கணவருக்குக் கௌரவமாக இருக்காது என்று, கோட்டுப் போட்ட படம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை பத்திரிகையில் சண்முகராஜ் கம்பீரமாகச் சிரித்தார். தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் ‘காணவில்லை’ என்றிருந்தது.

ஒன்பது மணிக்குள் வீட்டு வாசலில் அறுபது பேர். உத்தமபாளையத்துச் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். காணாமல்போனவர் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்ததில் இரண்டு பெண்களுக்கு மயக்கம். அறுபது பேருக்கும் அவர் தனித்தனியாக விளக்க வேண்டியதாயிற்று. தொலைந்தது தான் இல்லை, தன் பி.ஏ. என்று. விளக்க விளக்க, அதுவரை பி.ஏ.வைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கும் தெரிந்துபோயிற்று.

ஒரு தாளுக்காக மாமாவின் பயணம் நிற்பதா என்று மச்சினன் பால்பாண்டிக்கு ரத்தம் கொதித்தது. “எந்த நாட்டுக்குப் போறீக மாமா?”

“ஏசியா.”

“ஆத்தாடி, அம்புட்டுத் தூரமா! இதுக்காகவாச்சும் அந்த சர்டிபிகேட்ட வாங்கியே ஆகணும். நான் மதுரைக்குப் போறேன். எந்தக் காலேஜு, எந்த வருஷம்?”

“உனக்கெதுக்குப்பா அலைச்சல்?”

“சும்மா இருங்க மாமா. வருஷத்தச் சொல்லுங்க.”

தேடிச் சலித்துத் திரும்பி வரட்டும் என்று சண்முகராஜ் வாயில் வந்த ஒரு காலேஜின் பெயரைச் சொல்லி, “எம்பதுலருந்து எம்பத்தஞ்சுக்குள்ள இருக்கும்” என்றார். ஐந்து வருடம் பி.ஏ. படித்தாரா என்று பால்பாண்டி யோசிக்கவில்லை. வண்டியேறிவிட்டான்.

சனிக்கிழமை மாலை மனமகிழ் மன்றத்தில் பாராட்டு விழா. ‘கடல் கடந்து செல்லும் எங்கள் சீட்டுச் சிங்கம் எஸ். சண்முகராஜ் பி.ஏ.’ என்று பிளக்ஸ் பேனர். சிங்கத்தின் கழுத்தில் திராட்சைக் குலைகளைக் கோத்த மாலை, சட்டையெல்லாம் சாறு. மன்றத் தலைவர் பேச எழுந்தபோது, மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு பால்பாண்டி மேடையேறி மைக்கைப் பிடுங்கினான்.

“பெரியவுக மன்னிக்கணும்! எம்பதுலருந்து எம்பத்தஞ்சு வரைக்கும் அம்புட்டு ரிஜிஸ்தரையும் பொரட்டிட்டேன். எங்க மாமா பேரே இல்ல. நம்மூருக்காரர் வளந்திரக் கூடாதுன்னு பேரையே தூக்கிட்டாக!”

கூட்டம் கொந்தளித்தது.

“விடக் கூடாதுப்பா!”

“மதுரைப் பஸ்ஸ மறிங்கப்பா!”

“மாமா தலைமையில மறியல்!” என்றான் பால்பாண்டி. முன்வரிசை எழுந்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தது.

ஜெபராஜ் மேடைக்கு ஓடிவந்து சண்முகராஜ் காதில் கிசுகிசுத்தார். “அண்ணே, மறியல் பண்ணி உங்க பேர்ல கேஸ் விழுந்துச்சு, பாஸ்போர்ட் அப்படியே தொங்கிரும். போட்டிக்கு இன்னும் முப்பது நாள்தான் இருக்கு.”

சண்முகராஜ் கண்ணை மூடினார். ஒரு பக்கம் இருபத்திரண்டு வருடத்துப் பி.ஏ. மறுபக்கம் பச்சைத் துணி விரித்த மேசை, மலைமலையாய்க் காசு வில்லைகள், பளிச் பளிச்சென்று கேமரா, நடுவில் அவர். கையிலிருப்பது அத்தனையையும் ஒரே ஆட்டத்தில் நடுவில் தள்ளுகிற கணம் போக்கரில் ஒன்று உண்டு. அவர் தள்ளினார்.

“ஏலே, நில்லுங்கடா! நான் பி.ஏ. இல்ல!”

நாற்காலிகள் பாதி வழியில் நின்றன.

“எம்.ஏ.வா மாமா?” என்றான் பால்பாண்டி.

“பத்தாவது பெயிலு. கணக்கு, இங்கிலீசு, சயின்சு.”

முதலில் வாய் திறந்தவள் சுருளியம்மாள். “எங்கப்பாரு பி.ஏ.ன்னு நம்பித்தான இருபத்தஞ்சு பவுன் போட்டாக! பத்தாவது பெயிலுன்னா எட்டுப் பவுனுக்கு எங்க தெருவுலயே ஒருத்தரு இருந்தாகளே!”

“யாரு?” என்றார் சண்முகராஜ், மைக்கிலேயே.

“இப்ப எதுக்கு அது?”

கூட்டம் சிரித்த சிரிப்பில் மறியல் கலைந்தது. சண்முகராஜுக்கு எதுவும் உறைக்கவில்லை. ஜெபராஜ் நீட்டிய தாளில், பத்தாம் வகுப்பு தேறவில்லை என்ற வரிக்குக் கீழே, மேடையிலேயே, எல்லோரும் பார்க்கக் கையெழுத்துப் போட்டார். முகம் முழுக்கக் குஷி.

“முத்திரை குத்துனா குத்தட்டும். மெட்ராசுக்குப் போய் வெலக்கு வாங்கிருவோம். இனி என்னை எவன்லே தடுக்கிறது?”

அதற்குள் எவனோ ஏணி போட்டு ஏறி, பேனரில் பி.ஏ.வின் மேல் செய்தித்தாளை ஒட்டிக்கொண்டிருந்தான்.

கூட்டம் கலைந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் கம்பத்துக்கு வந்து, கம்பத்துத் தமிழே பேசப் பழகிவிட்ட கூர்க்கா மான்பகதூர், மன்றத்தின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஃபாரின் ஃபாரின்னு பேசிக்கிட்டாகளே, எந்த ஊரு சார்?”

ஊரின் பெயரைக் கேட்ட முதல் ஆள். சண்முகராஜ் திராட்சை மாலையைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

“காத்மாண்டு.”

மான்பகதூர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

“எங்க நேபாளத்துக்கு ஓட்டர் கார்டு போதும் சார். பாஸ்போர்ட்டே வேணாம்.”